லென்ஸ் ஆடுகிறதா, சுழன்றதா? கேள்வி பதில்

கண்ணுக்குள் லென்ஸ் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. கேளுங்கள்.

கேள்வி: ஆபரேஷனே செய்யாத, சொந்த லென்ஸும் ஆடுமா?

ஆடும், எல்லோருக்கும். பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவியதும் கண் உருண்டை நின்றுவிடும். மெல்லிய இழைகளில் தொங்கும் லென்ஸோ இலக்கைத் தாண்டிப் போய், நொடிக்குச் சுமார் 20 தடவை என்ற வேகத்தில் ஊசலாடி அடங்கும். ஒரு விளக்கைக் கண்ணெதிரே பிடித்தால் அதற்குள் நான்கு பிம்பங்கள் விழும். புர்க்கின்யே பிம்பங்கள் என்பார்கள். முதலாவது, கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் முன்பக்கத்தில், பளிச்சென்று. நான்காவது லென்ஸின் பின்பக்கத்தில், மங்கலாக, தலைகீழாக. வேகமான கேமராவில் பார்த்தால் முதலாவது நின்ற பிறகும் நான்காவது தள்ளாடுவது தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே மாறும் தூரம்தான் நம் அளவு. வேடிக்கை என்னவென்றால், இதே இரண்டு பிம்பங்களை வைத்துக் கண்ணசைவை அளக்கும் கருவியில் ஒவ்வொரு தாவலின் முடிவிலும் ஒரு கொக்கி பதிவாகும். கண் தாண்டிப் போய்த் திரும்புகிறது என்று தோன்றும். உண்மையில் அது லென்ஸின் ஆட்டம்.

கிட்டத்தில் பார்க்கும்போது இழைகள் தளர்வதால் ஆட்டம் கூடும். ஆகவே என் பழைய பல்லவி: ஆட்டத்தைப் பார்ப்பதென்றால் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துக்கு முன்பே பாருங்கள். மருந்து, கிட்டப் பார்க்க இழைகளைத் தளர்த்தும் சிலியரி தசையைத் தளர்த்தும், இழைகள் இறுகும், ஆட்டம் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஐரிஸ் (கண்ணின் நிறத் திரை) நடுங்குகிறது. லென்ஸ் கழன்று விழுமா?

பழைய லென்ஸ் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், புதியது ஏறக்குறைய 1. முட்டுக்கொடுத்தது போனால் திரை கொஞ்சம் படபடக்கத்தான் செய்யும். ஐரிஸ் ஆடுவது வேறு, லென்ஸ் ஆடுவது வேறு.

கேள்வி: எந்தக் கம்பெனி லென்ஸ் நல்லது?

உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

கேள்வி: டோரிக் லென்ஸ் (சிலிண்டர் பவரையும் திருத்துவது) போட்டார்கள். மொபைலில் எடுத்த இரண்டு படங்களில் 4 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. சுழல்கிறதா?

முதலில் கணக்கு. எத்தனை டிகிரி விலகியதோ அந்தக் கோணத்தின் சைனை இரண்டால் பெருக்கினால், மிஞ்சும் சிலிண்டரின் பங்கு கிடைக்கும். 3 டயாப்டர் திருத்தம் 10 டிகிரி விலகினால் ஒரு டயாப்டருக்குச் சற்று மேல் மிஞ்சும். 30 டிகிரி என்றால் திருத்தியதே வீண். அதற்கு மேல் போனால் லென்ஸே கெடுதல். உங்கள் 4 டிகிரிக்கு 14 சதவீதம் போல வரும், நிஜமாகவே சுழன்றிருந்தால். தலை சாய்ந்திருந்ததா?

அதே நபர்: தாடையைத் தாங்கியில் வைத்திருந்தேன், தலை சாயவே இல்லை.

தாடை நிற்கும், நெற்றி சாயும். மொபைலும் சாயும். கண்ணின் வெள்ளையில் அசையாத ரத்தக்குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கோணத்தையும் இரண்டு படங்களிலும் அளந்து சொல்லுங்கள்.

இன்னொருவர்: படுத்தால் கண்ணே சுழலும் என்கிறார்களே, அதுவும் சேருமா?

சேரும். அதனால்தான் லென்ஸ் நிற்கவேண்டிய அச்சுக்கோட்டை ஆபரேஷனுக்கு முன் ஆளை உட்காரவைத்துக் குறிக்கிறார்கள். ஆனால் இவர் இரண்டு படத்துக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

அதே நபர்: குழாயும் 3.5 டிகிரி திரும்பியிருக்கிறது. ஆனாலும் லென்ஸ் 4 ஆயிற்றே!

அப்படியானால் லென்ஸ் திரும்பியது அரை டிகிரி. உங்கள் கை நடுக்கமே அவ்வளவு இருக்கும். ஆபரேஷன் முடிந்து எவ்வளவு நாள்?

அதே நபர்: எட்டு மாதம்.

பெரும்பாலான சுழற்சி முதல் சில மணி நேரத்திலேயே, ஒரு நாளுக்குள் நடந்துவிடும். அப்புறம் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை சுருங்கி லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். படம் எடுப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: லென்ஸின் சாய்வு 5 டிகிரி என்று ஓசிடி (ஒளியால் எடுக்கும் கண் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இருக்கிறது. சரி செய்யவேண்டுமா?

பிறவி லென்ஸே கிட்டத்தட்ட அந்த அளவு சாய்ந்துதான் இருக்கிறது. பார்வை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: லென்ஸ் கழன்று விழுமா?

மேலே பாருங்கள். அடிபட்ட கண், மார்ஃபான் என்ற பிறவிக் குறைபாடு, லென்ஸ் மேல் சாம்பல்போல் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் இவற்றில் இழைகள் பலவீனமாகலாம். ஒரு கண்ணில் மட்டும் திடீரென இரட்டையாகத் தெரிந்தாலோ, லென்ஸின் விளிம்பு தெரிந்தாலோ இன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள், ஆட்டமே இல்லையாம்...

முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.