ஆறாவது நிமிஷம்

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு நாவல் படித்துவிட்டுக் கூடிப் பேசுவோம். இந்த மாதம், இங்கிலாந்து ராஜா ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட்டைப் பற்றிய சரித்திர நாவல். பெற்ற பிள்ளையைப் பகடைக்காயாக்கிய பேராசைக்காரி என்றேன். “நாம மட்டும் என்ன செய்யறோமாம்?” என்று ஒரு தோழி கேட்க, கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். அவளோடு இப்போது பேச்சில்லை. மகன் நாமக்கல் ஹாஸ்டலில், இரண்டாம் தடவை நீட்டுக்குப் படிக்கிறான். ஞாயிறன்று பத்து நிமிஷம் பேச விடுவார்கள், நானே ஐந்து நிமிஷத்தில் வைக்கச் சொல்லிவிடுவேன். அதனால் படிக்க எனக்கு நேரம் உண்டு. சொல்லுங்கள், யார் சொன்னது சரி?
- வாசகி, கே.கே.நகர், மதுரை

பதில்: கடிதம் முழுக்க மார்கரெட். மகனுக்கு ஒரே வரி, அதுவும் உங்களுக்கு நேரம் கிடைப்பதைச் சொல்ல. நான் அந்த வரியை விடப்போவதில்லை.

முதலில் அந்த அம்மாளுக்கு நியாயம் செய்வோம். 12 வயதில் கல்யாணம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே புருஷன் எட்மண்ட் டியூடர் பிளேக்கில் போய்விட்டான். 1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் பிள்ளை பெற்றபோது அவளுக்கு 13 வயது. அப்புறம் இரண்டு கல்யாணம் ஆகியும் வேறு குழந்தையே இல்லை. அந்த ஒற்றைப் பிள்ளையையும் ஐந்து வயதில், அரியணைச் சண்டையில் எதிர்த்தரப்புப் பிரபுவான ஹெர்பெர்ட் ஆயிரம் பவுண்டுக்கு வளர்ப்புரிமை வாங்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். 14 வயதில் உயிருக்குப் பயந்து கடல் தாண்டி, இன்றைய பிரான்ஸில் இருக்கும் பிரிட்டனிக்குத் தப்பியவன் 1485-ல்தான் படையோடு வந்து ராஜாவானான். அவனுக்காக அவள் சதி செய்தாள், நிஜம்தான், அதில் பிடிபட்டுச் சொத்தெல்லாம் அப்போதைய புருஷன் கைக்குப் போனது. நம் ஊர் மங்கம்மாள் பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆண்டதையும், கடைசியில் அந்தப் பேரனே அவளைப் பட்டினி போட்டான் என்கிற கதையையும் சொல்லும்போது மட்டும் நமக்குக் கண் கலங்குகிறதே, வெளியூர்க்காரி என்றால் பேராசைக்காரியா?

சரி, உங்களிடம் வருகிறேன். மார்கரெட்டின் பிள்ளையைப் பிரித்தது மற்றவர்கள். ஹாஸ்டல்காரர்களே பத்து நிமிஷம் தருகிறார்கள், அதில் பாதியைப் பிடுங்குவது பெற்றவளான நீங்கள்! படிப்பு கெடும் என்றுதானே? இரண்டாம் தடவை எழுதுகிற பையன் எடுத்ததும் மனசைத் திறக்க மாட்டான் அம்மா. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், டெஸ்ட் பரவாயில்லை என்றே முதல் ஐந்து நிமிஷம் ஓடிவிடும், சொல்ல வந்தது ஆறாவது நிமிஷத்தில்தான் வெளியே வரும். தூக்கம் வரவில்லை என்பானோ, கெமிஸ்ட்ரி ஓடவில்லை என்பானோ, எனக்கு இது வேண்டாம் என்பானோ. அந்த ஆறாவது நிமிஷம் உங்கள் காதில் விழுந்ததே இல்லை.

கடன் வாங்கியாவது பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றவர் கடமை என்று நம்புகிறவள் நான். ஆனால் அந்தக் கடமையைக் காரணம் காட்டிப் பிள்ளையின் வாயை அடைப்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டராவது அவன் ஆசையா, உங்கள் ஆசையா என்பதுகூடக் கடிதத்தில் இல்லையே.

தோழி கேட்டது சரியான கேள்வி, அதனால்தான் உங்களுக்குச் சுட்டது. நீங்களே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், ஆனால் அது இரண்டாவது வேலை. இந்த ஞாயிறு காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, திண்டுக்கல், கரூர் வழியாக நாமக்கல் போய், வார்டனிடம் சொல்லிவிட்டு அவனை வெளியே சாப்பிடக் கூட்டிப் போங்கள். மார்க், ரேங்க் என்று வாயைத் திறக்காதீர்கள். வீடு திரும்ப நேரமானாலும் பரவாயில்லை, அவன் பேசி முடிக்கிறவரை உட்கார்ந்திருங்கள்.