மினு மசானி – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுதந்திரக் கட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ராஜாஜியைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். அக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மினு மசானிக்கு ஒரு வரிதான் கிடைத்தது. அந்த ஒரு வரியால்தான் அவரைத் தேடிப் படித்தேன். குழப்பமே மிஞ்சியது. 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1959இல் தனியார் தொழிலுக்காகக் குரல் கொடுக்கும் கட்சியைத் தொடங்குகிறார். மன்னர்களோடும் ஜமீன்தார்களோடும் ஒரே மேடையில் நிற்கிறார். நாடாளுமன்றத்தில் அவர் எதிர்த்த எதுவும் தடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1971இல் அவரும் தோற்றார், கட்சியும் எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. இவரை இன்று எதற்காக நினைவில் வைக்க வேண்டும்? 1991இல் வந்த பொருளாதாரத் தாராளமயத்தை முன்பே சொன்னார் என்பதற்காகவா?

அன்புடன்
க.

அன்புள்ள க.,

1991ஐ வைத்து மசானியைப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்துபோன ஓர் அரசு வேறு வழியின்றி எடுத்த முடிவு அது. அப்படி ஒரு நெருக்கடி வராமலே போயிருந்தால் அவர் பேசியதெல்லாம் வீண் என்று ஆகிவிடுமா?

கட்சி மாறியவர் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். நாசிக் சிறையில் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு இருந்தவர், சோவியத் நாட்டை நேரில் பார்த்து வியந்தவர் மசானி. ஸ்டாலின் தன் பழைய தோழர்களையே விசாரணை என்ற பெயரில் ஒழித்துக்கட்டியபோது, இந்திய இடதுசாரிகள் பலர் அதற்குச் சமாதானம் சொன்னார்கள். மசானியால் முடியவில்லை. 1939இல் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து விலகினார். எல்லா அதிகாரமும் அரசின் கையில் குவிந்தால் தனிமனிதனுக்கு என்ன நேரும் என்ற அச்சம் அன்று அவருக்குள் புகுந்தது, கடைசிவரை போகவில்லை. கொடி மாறியது உண்மை. ஆனால் 1939க்குப் பிறகு அவர் எதிர்த்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள், அந்த ஒரே அச்சம்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது.

‘எதிர்த்த எதுவும் தடுக்கப்படவில்லை’ என்பது சரியல்ல. 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாக்பூரில் நிறைவேற்றிய கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம், அதாவது விவசாயிகளின் நிலங்களை ஒன்றாக்கிக் கூட்டாகப் பயிரிடும் திட்டம், ஏட்டோடு போயிற்று. அதில் காங்கிரஸுக்குள்ளிருந்தே எதிர்த்த சரண் சிங்குக்கும் பங்குண்டு. வெளியிலிருந்து எழுந்த எதிர்ப்புக்கு உருவம் கொடுத்தவர்கள் ராஜாஜி, விவசாயிகள் தலைவர் ரங்கா, மசானி.

ஆனால் அவரை நான் மதிப்பது வேறொன்றுக்காக. 1963இல் நடந்த மூன்று இடைத்தேர்தல்களில் எதிர்க்கட்சித் தலைவர்களான கிருபளானி, லோகியா, மசானி மூவரும் வென்று மக்களவைக்குள் வந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் கிருபளானி நேரு அரசின் மீது நாட்டின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், வாக்கெடுப்பில் வெல்வது அன்றைய எதிர்க்கட்சிக்காரரின் கனவில்கூட இருந்திருக்க முடியாது. அப்படியானால் அவர் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்வது?

மசானி கணக்கைப் படித்தார். 1967இல் சுதந்திரக் கட்சி 44 இடங்களோடு மக்களவையின் பெரிய எதிர்க்கட்சியானது. அதுவரை ஆளுங்கட்சியினரே வகித்துவந்த பொதுக் கணக்குக் குழுத் தலைவர் பதவி முதன்முறையாக எதிர்க்கட்சிக்கு வந்தது, மசானி தலைவரானார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளை வைத்துக்கொண்டு, அரசுத் துறைச் செயலாளர்களை எதிரே உட்காரவைத்து, ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்கும் குழு இது. தலைவர் எதிர்க்கட்சியாக இருந்தாலும் உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆளுங்கட்சியினர்தான். வாக்கைக் காட்டி அங்கே எதையும் சாதிக்க முடியாது. கோப்பை அவர்களைவிட நன்றாகப் படித்திருக்க வேண்டும், அவர்களையும் ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். மேடைப் பேச்சைவிட எத்தனை மடங்கு கடினமான எதிர்ப்பு இது! அவருக்குப் பின் அந்த நாற்காலி எதிர்க்கட்சிக்கே என்பது மரபாகிவிட்டது. சந்தைப் பொருளாதாரத்தை அடியோடு வெறுப்பவர்களும் பின்னாளில் அந்த மரபின் பலனை அனுபவித்தார்கள்.

1969இல் 14 வங்கிகள் தேசியமயமானபோது சுதந்திரக் கட்சி அவையில் தோற்றது. அக்கட்சிக்காரரான ஆர். சி. கூப்பர் உச்ச நீதிமன்றம் போய் 1970 பிப்ரவரியில் வென்றார். அரசு அதே மாதத்தில் புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளை மீண்டும் எடுத்துக்கொண்டது.

மன்னர்கள் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. பிகாரின் ராம்கர் ராஜா தன் ஆட்களோடு கட்சிக்குள் வந்தார், சில ஆண்டுகளில் போயும்விட்டார். ஆட்பலத்துக்காக அப்படிப்பட்டவர்களை நம்பியது கட்சியை உள்ளே அரித்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அரசின் அதிகாரத்தைக் கண்டு அஞ்சிய மசானி, நிலவுடைமையாளர் குத்தகைதாரர் மீது செலுத்திய அதிகாரத்துக்கு அதே தீவிரத்தோடு முகம் கொடுக்கவில்லை. நிலமற்றவனுக்கு அவருடைய சுதந்திரம் என்ன தரும் என்ற கேள்விக்கு அவரிடம் வலுவான பதில் இல்லை. 1957இல் ஜார்க்கண்ட் கட்சியின் ஆதரவோடு ராஞ்சியிலிருந்து மக்களவைக்கு வந்தவர், பிறகு ராஜ்கோட் தொகுதிக்குப் போனார். 1971 தோல்விக்கு இந்திரா அலை மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 1975இல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலையில் மசானிக்குப் பதவி இல்லை, கட்சி 1974லேயே வேறொன்றில் கரைந்துவிட்டது, வயது எழுபது. அவர் நடத்திய ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ இதழின் பக்கங்களைத் தணிக்கை அதிகாரி தடுத்தார். பெரிய பத்திரிகைகள் பலவும் பணிந்துபோன நேரத்தில் அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 1976இல் வென்றார். அரசை விமர்சிக்கிறது என்பதற்காக மட்டும் எழுத்தைத் தடுக்கத் தணிக்கையாளருக்கு அதிகாரமில்லை என்று ஆனது. தொழிலதிபர்களின் வக்கீல் என்று அவரை ஒதுக்குபவர்கள் இந்த வழக்கையும், 1947இல் அரசியலமைப்புச் சபையின் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவில் அம்ரித் கவுர், ஹன்சா மேத்தா இருவரோடு சேர்ந்து பொது சிவில் சட்டத்துக்காக அவர் எழுதிய மறுப்புக் குறிப்பையும் படிக்க வேண்டும். இவற்றில் எந்த முதலாளிக்கு என்ன லாபம்? ஜனதா அரசு 1978இல் அவரைச் சிறுபான்மையினர் ஆணையத்தின் தலைவராக்கியது. அங்கிருந்தும் விரைவிலேயே விலகினார்.

மேற்கொண்டு படிக்க விரும்பினால் பழைய மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்நூலகத்தில் கிடைக்கின்றன. 1963 முதல் 1970 வரையிலான பட்ஜெட் விவாதங்களிலிருந்து தொடங்குங்கள். மசானியின் உரையோடு நிதியமைச்சரின் பதிலையும் சேர்த்துப் படியுங்கள். அவருக்கு எதிராகச் சொல்ல உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் மறுபடி எழுதுங்கள், வெளியிடுகிறேன்.