ரொட்டி வாங்கப் போகாத பிள்ளை

கேள்வி: எனக்கு 21 வயது. அரபி மொழி படிக்க ஒரு வருடப் படிப்பில் சேர்ந்து, கெய்ரோவுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஊரில் மதரஸாவில் ஐந்து வருடம் இலக்கணம் ஓதியிருக்கிறேன். இங்கே எழுத்துத் தேர்வு வைத்து நேராக நான்காம் நிலையில் சேர்த்தார்கள். ஆனால் வகுப்பில் வாய் திறக்க முடியவில்லை. உஸ்தாத் அரபியைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இந்தோனேசியா, ரஷ்யா பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். தெருவிலோ நான் படித்த அரபியே இல்லை. நஸ்ர் சிட்டியில் நம்மூர் மாணவர்களோடு தங்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, ரொட்டி முதற்கொண்டு எல்லாம் அறையில் இருக்கும் ஓர் அண்ணனே வாங்கி வந்துவிடுகிறார், நான் இன்னும் கடைப் பக்கம் போகவில்லை. ராத்திரி தூக்கமே வருவதில்லை. அத்தா சவுதியில் வண்டி ஓட்டித்தான் என்னை அனுப்பினார். திரும்பி வந்துவிடலாமா?

பதில்: தம்பி, உஸ்தாத், தூக்கம் எல்லாவற்றையும் அப்புறம் பார்ப்போம். ‘நான் இன்னும் கடைப் பக்கம் போகவில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு வாரமாக ஒரு ரொட்டி வாங்கவில்லையா?

அந்த அண்ணன் யார்? அவரும் படிக்க வந்த பிள்ளைதான். அவருக்கும் பாடம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவராகத்தான் செய்கிறார் என்பீர்கள். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டும் தண்ணீரும் வந்து பழகிய பிள்ளைகள் எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். ஆண்பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல், அடுப்படிக்குள் விடாமல் வளர்ப்பதைப் பாசம் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அப்படி வளர்ந்தவன் வெளியூர் போனதும் அம்மா இருந்த இடத்தில் இன்னொருவரைத் தேடிக்கொள்கிறான். உங்களுக்கு அந்த அண்ணன் கிடைத்துவிட்டார், உங்கள் துரதிர்ஷ்டம்.

உங்கள் அத்தாவை நினைத்துப் பாருங்கள். அவர் சவுதியில் இறங்கியபோது எத்தனை வருடம் இலக்கணம் ஓதியிருந்தார்? வண்டி ஓட்டுகிறவர் போலீஸ்காரர் நிறுத்தினால் பதில் சொல்லியாக வேண்டும், முதலாளி சொன்ன இடத்தைப் புரிந்துகொண்டு போயாக வேண்டும். கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கித்தான் அவர் அந்த ஊர் அரபியைப் பிடித்திருப்பார். அவர் சம்பாத்தியத்தில் படிக்கப் போன மகன், ரொட்டிக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசக் கூச்சப்பட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். எழுதவே எனக்குக் கோபம் வருகிறது.

கூச்சம் என்று நானாகச் சொல்லவில்லை, உங்கள் கடிதமே சொல்கிறது. ரஷ்யாக்காரப் பையன் ‘தப்பும் தவறுமாகப்’ பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் ஓதியவர் என்ற பெயருக்குப் பங்கம் வந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர் நீங்கள். அரபி இலக்கணத்துக்கே பெரியவரான ஸீபவைஹியின் கதையை உங்கள் மதரஸாவில் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில், ஹம்மாத் இப்னு ஸலமா என்ற ஆசிரியரிடம் ஹதீஸ் (நபிமொழி) படிக்கையில் ஒரு பெயரின் வேற்றுமையைத் தவறாகச் சொல்லி, எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்டார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. பாரசீகப் பிள்ளை. அதற்கப்புறம்தான் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மதிடம் போய் இலக்கணம் படித்தார். அன்றைக்கு அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே நாளைக் காலை ரொட்டி வாங்கும் வேலை உங்களுடையது. இன்றைக்கே அந்த அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அரசு மானிய அட்டை வைத்திருப்பவர்களுக்கு ரொட்டி கொடுக்கும் வரிசை வேறு. அட்டை கேட்காத கடை எது என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கூட வரச் சொல்லாதீர்கள். உங்கள் புத்தகத்தில் ‘குப்ஸ்’ என்று படித்திருப்பீர்கள், எகிப்தில் ‘ஐஷ்’ என்றுதான் கேட்க வேண்டும். ஐந்து பவுண்டுக்கு வேண்டுமானால், ‘ஐஷ் பி ஹம்ஸா கினே, லவ் ஸமஹ்த்.’ ஐந்து பவுண்டுக்கு ரொட்டி, தயவுசெய்து. அவ்வளவுதான் மொத்தப் பேச்சும். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு ரொட்டியை ஈச்ச மட்டைத் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். பின்னால் நிற்பவர் உங்களைத் தாண்டிக் கையை நீட்டுவார், நீங்கள் நகராதீர்கள். கடைக்காரர் என்ன சொன்னார் என்று புரியாவிட்டால் ‘மர்ரா தானியா’ என்று சொல்லுங்கள், திருப்பிச் சொல்வார்.

விலைச் சீட்டைப் பார்க்கும்போது கவனம். அங்கே எழுதும் ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும், ஆறு நம் 7 மாதிரித் தெரியும், பூஜ்யம் வெறும் புள்ளி. எழுத்தை ஓதத் தெரிந்தவர்களும் சில்லறை எண்ணும்போது இதில் தடுமாறுவார்கள். இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்று சொல்வது இலக்கணத்தில் உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் வேகத்தில் அது காதில் விழுந்து பிடிபடக் கொஞ்ச நாளாகும். மைக்ரோபஸ்ஸிலும் அப்படித்தான். ‘ஸாபிஃ’, ‘ஆஷிர்’ என்று கத்திக்கொண்டு போவார்கள், நஸ்ர் சிட்டியின் ஏழாவது, பத்தாவது பகுதிகளைத்தான் சொல்கிறார்கள். ஏறிப் போய்விட்டு வாருங்கள்.

தெரு அரபி நீங்கள் படித்தது இல்லை என்பது உண்மைதான். ஃபுஸ்ஹா என்ற எழுத்து அரபி வேறு, ஆமிய்யா என்ற எகிப்துப் பேச்சு அரபி வேறு. ஜீம் என்ற ‘ஜ’ எழுத்து அங்கே ‘க’ ஆகிவிடும், காபியைச் சொல்லும் ‘கஹ்வா’ ‘அஹ்வா’ ஆகிவிடும். இது எல்லா வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளது, அந்த ரஷ்யாக்காரருக்கும் சேர்த்துத்தான். எழுதும் தமிழை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் சோறு கேட்பதில்லையே. வகுப்புக்கு ஃபுஸ்ஹா, கடைக்கு ஆமிய்யா என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்ப் பிள்ளைகளோடு தங்கியதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. கெய்ரோவில் 972இல் திறந்த அல்-அஸ்ஹர் பள்ளிவாசலிலேயே பிற்காலத்தில் ஊர் ஊருக்கு ஒரு ரிவாக், அதாவது மாணவர் தங்கும் பகுதி, இருந்தது. சிரியாக்காரர்களுக்கு ஒன்று, மக்ரிபிகளுக்கு (வடமேற்கு ஆப்பிரிக்காக்காரர்களுக்கு) ஒன்று, இந்தியர்களுக்கும் ஒன்று. அங்கே தங்கியவர்களுக்கு ரொட்டிப் படியும் கொடுத்தார்கள். ஆனால் பாடம் நடத்திய ஷைக்கின் மொழி அரபிதான். ராத்திரி அறையில் தமிழ் பேசுங்கள், நோன்புக் கஞ்சி காய்ச்சிக் குடியுங்கள், யார் வேண்டாம் என்றது? பகலில் அந்த அறைக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வை வைத்து உங்களை நான்காம் நிலையில் போட்டார்கள், உங்கள் காதும் வாயும் அந்த நிலையில் இல்லை. உஸ்தாதிடம் போய், பேச்சில் பின்தங்கியிருக்கிறேன், கீழ் நிலைக்கு மாற்றுங்கள் என்று கேளுங்கள். அரபியிலேயே கேளுங்கள், தப்பு வரட்டும். இறங்கினால் கௌரவம் போய்விடும் என்று தோன்றினால் அத்தா கட்டிய ஃபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம், மூன்று மாதம் போகட்டும். விசா நீட்டிப்புக்கு அலையும் வேலையும் நடுவில் வரும், அதற்கும் நீங்களே போய் நில்லுங்கள். அப்போதும் மனது ஒட்டவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். முதலில் அத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பணம் அவருடையது, தூக்கம் வராததும் வாய் திறக்காததும் அவருக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.