ஆணாதிக்கச் சமூகத்தில் பெண்ணின் நிலையையும் காமத்தையும் நாவல்கள் எப்படிக் காட்டுகின்றன? இதை ஆய்வுக்கு எடுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் இங்கே கோலாலம்பூரில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுகிறார், தலைப்பு ஏற்கப்பட்டுவிட்டது, நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். பாலினம், பாலுணர்வு இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதி ஆய்வேடுகள் கெட்டுப்போகின்றன. ஆண் இப்படி, பெண் இப்படி என்று ஊர் வகுத்துக் கொடுத்த இடம் பாலினம். ஒருத்தியின் உடம்பும் மனசும் கேட்பது பாலுணர்வு. பழைய சொல்லில் காமம். நம் நாவல்கள் முதலாவதைப் பற்றித் தாராளமாகப் பேசும், இரண்டாவதைத் தொடக் கூசும். 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலேயே ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு நாட்டை ஆள்கிறாள். அறிவில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் உடம்பின் ஆசை மட்டும் அந்த நாவலின் பேச்சே இல்லை.

இனி வேலை. நாவலை ஒருமுறை கதைக்காகப் படித்து முடியுங்கள். இரண்டாவது முறை, ஆசையோ தொடுகையோ முதலிரவோ பலவந்தமோ வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள் போடுங்கள். 300 பக்க நாவலில் 20, 30 காட்சி தேறும். ஒவ்வொரு தாளிலும் நாலு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். இது யார் கண்ணில் சொல்லப்படுகிறது? தீர்மானித்தது யார்? பிறகு யாருக்கெல்லாம் தெரிய வருகிறது? அவள் என்ன விலை கொடுத்தாள், அவன் என்ன கொடுத்தான்? பக்க எண்ணை மறக்காதீர்கள். நடந்த பக்கத்துக்கும் தெரியவந்த பக்கத்துக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் நாவலாசிரியனின் மனசு இருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் உயிர். ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட பெண் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா துடித்துப்போகிறாள். ஆனால் அக்கம்பக்கத்துக் காதுக்கு எட்டாமல் மறைத்து, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை முடிந்தது. அதே இரவை எடுத்துக்கொண்டு அவரே எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதில் அம்மா அலறிவிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். ஆதரித்துப் படிக்கவைக்கும் மாமாவே அவள்மேல் கண் வைக்கிறார். காரில் கூட்டிப்போனவனோ மனைவி, பிள்ளைகளோடு வசதியாகவே வாழ்கிறான். நடந்தது இரண்டிலும் ஒன்றுதான். நாவலில் அந்தப் பெண்ணான கங்காவின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அம்மாவின் குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது. ஒழுக்கம் என்று ஊர் சொல்வது, நடந்ததைவிட வெளியே தெரிந்ததையே தண்டிக்கிறது. 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்த நாவலையும் சிறுகதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் இயலே எழுதலாம். 1977-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதாதீர்கள். கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள்.

யார் கண் என்பதற்குத் தி. ஜானகிராமன். ‘மோகமுள்’ளில் யமுனாவுக்காகப் பாபு படும் தவிப்பு பக்கம் பக்கமாக நமக்குத் தெரியும், யமுனா என்ன ஆசைப்பட்டாள் என்பதை பாபுவின் கண் வழியாக ஊகிக்கத்தான் முடிகிறது. ‘அம்மா வந்தா’ளில் கணவனுக்கு வெளியே அலங்காரம் கொண்ட உறவு பெரும்பாலும் மகன் அப்புவின் அதிர்ச்சியாகவே நம்மிடம் வருகிறது. மகன் வேதம் படித்தால் தன் பாவம் தீரும் என்று அவள் நம்புகிறாள். கணக்கு அவளுடையது, பார்வை மகனுடையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித்தான் அவர் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போக முடிந்தது.

தீர்மானித்தது யார் என்பதற்குப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). நாவலைத் தூற்றியவர்கள் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவை, பிள்ளை இல்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்று கதையில் வரும் அந்த இரவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பக்கங்களைப் பாருங்கள். பிள்ளை இல்லாத பொன்னாவை அந்த இரவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்வது இரு வீட்டாரும். கணவன் காளி சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் சொல்லப்படுகிறது, அதை நம்பித்தான் போகிறாள். பெற்றவர்களும் கூடப்பிறந்தவனும் சேர்ந்து ஒருத்தியின் உடம்பைக் குடும்பச் சொத்தாகப் பேசி முடிக்கும் அந்த இடம்தான் நாவலின் நெஞ்சு. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பையும் வாங்கிப் படியுங்கள்.

மலேசிய நாவலை எடுப்பதானால் ரப்பர்த் தோட்டம் எப்படி நடந்தது என்று தெரியாமல் தொடாதீர்கள். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு பால் வெட்ட அவரவர் நிரைக்கு, அதாவது தமக்குக் கொடுத்த மரவரிசைக்கு, இருட்டில் தனியே போகவேண்டும். பக்கத்து நிரையா, மேட்டு நிரையா என்று பிரித்துக் கொடுப்பது வேலை மேய்க்கும் கங்காணியும் மண்டோரும். அந்த அதிகாரம் பெண்ணிடம் என்ன கேட்கும் என்பதைத் தோட்டத்துப் பெண்களிடம் விளக்கவேண்டியதில்லை. 1920-களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1931-இல்கூட மலாயா இந்தியர்களில் பெண்கள் ஆண்களில் பாதிதான். ஒரு பெண்ணின் பெயர் லயம் முழுக்க அடிபடும் காட்சியை இதெல்லாம் தெரியாமல் படித்தால் வெறும் வம்பாகத் தெரியும். ம. நவீனின் ‘பேய்ச்சி’யை ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று காரணம் சொல்லி 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. அதை எடுக்க நினைத்தால், இன்றைய நிலவரத்தை ஆய்வு மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

ஆண் எழுத்தாளர்களையே சொல்கிறாயே என்பார்கள். பெண் எழுதினால் மட்டும் பெண் பார்வை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனால் சில கதவுகளை அவர்கள்தான் திறந்தார்கள். தேவதாசி முறையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-லேயே நாவல் எழுதினார். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) பெண்கள் தங்களுக்குள் கட்டிலைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிக்கொள்வதை வேறெவர் எழுதியிருக்க முடியும்? பண்பாடு கெட்டுவிட்டது என்று வருபவர்கள் குறுந்தொகையின் 27-ஆம் பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தும் பாலைப்போல் தன் அழகு வீணாகிறதே என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்கிறாள். எழுதியவர் வெள்ளிவீதியார், பெண்.

   

பத்து நாவல் எடுக்காதீர்கள், மூன்று போதும். பாத்திரம் பேசுவதை ஆசிரியர் கருத்தாக எழுதிவிடாதீர்கள். தொடராக வந்த நாவலென்றால் இதழையும் தேடிப் பாருங்கள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் வந்தபோது தலைப்பே ‘காலங்கள் மாறும்’. முதல் தாளை அக்கினிப் பிரவேசத்தின் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் இடத்திலிருந்து போடுங்கள்.