மாரிக்கு முன் யாழ்ப்பாணம் பற்றிச் சில கேள்விகள்: கிணறு, காற்று, கடல்

கோப்பாய்: வெள்ளம் கிணற்றுக்கட்டுக்கு மேலால் போனது. முழுக்க இறைத்துவிட்டுக் குளோரின் போட்டால் போதுமா, சேர்? எவ்வளவு போடுவது?

பதில்: உடனே இறைக்காதீர்கள். சுற்று நிலம் ஊறிக்கிடக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் அதே ஊத்தைத் தண்ணீர்தான் கல்வெடிப்பு வழியே திரும்பி வரும். கட்டாத பக்கச்சுவர் இடிந்து விழவும் கூடும். முற்றத்து வெள்ளம் வற்றிக் கிணற்று மட்டம் இறங்கத் தொடங்கியபின், சேற்றையும் குப்பையையும் எடுத்து ஒருமுறை இறையுங்கள். வெள்ளத்தில் தாழ்ந்த மோட்டரைக் காய வைத்துச் சோதிக்காமல் போடவேண்டாம்.

ஊற்றுத் தண்ணீர் திரும்பி நின்றதும் அளவெடுங்கள். வட்டக் கிணறென்றால் விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம், எல்லாம் அடியில். அதை 22ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 10 அடி விட்டமும் 6 அடி தண்ணீரும் என்றால் 13,200 லீற்றர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லீற்றருக்கு 70 கிராம் வெளிற்றும் தூள், ஆக 900 கிராமுக்குச் சற்றுக் கூட. இது 30 சதவீதம் குளோரின் உள்ள புதுத் தூளுக்கான கணக்கு. கட்டிபட்டு மணம் போன தூளை எறிந்துவிட்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள்.

தூளை நேரே கிணற்றில் கொட்டுவதுதான் பலர் விடும் பிழை. அது அடியில் போய்ப் படுத்துவிடும். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, 10 நிமிடம் சுண்ணாம்பு அடைய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று வாளியை ஆழத்துக்கு விட்டு மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அதன்பின் ஒருவரும் உள்ளே இறங்கக்கூடாது. இரவு முழுக்க விட்டு, மறுநாள் மணம் மங்கும்வரை இறைத்தபின் பாவியுங்கள். பிறகு வழமையான தொற்றுநீக்கத்துக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் போதும், அதாவது இந்தக் கிணற்றுக்கு 33 கிராம். பயத்தில் கிலோக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடுவது வீண்.

தாளையடி: கடல்தண்ணீர் கிணற்றுக்குள் ஏறினாலும் இதே முறைதானா?

பதில்: இல்லை. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. காய்ச்சினாலும் உப்புப் போகாது.

எங்கள் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. ஆகவே மேல்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் இதுவே பிரச்சினையானது. சேற்றை எடுக்க ஒருமுறை இறைத்துவிட்டு நிறுத்துங்கள். மிச்சத்தை மழைதான் கழுவவேண்டும். அதுவரை குடிதண்ணீருக்கு பவுசரை (தண்ணீர் லொறியை) பாருங்கள்.

கரையோரக் கிணற்றில் மோட்டரைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிற பழக்கத்தையும் விடுங்கள். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது நல்லது. துலாவால் அள்ளிய காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தானாகவே இருந்தது.

மானிப்பாய்: தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா?

பதில்: வேண்டாம், பிள்ளை. உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் வரும் நைத்திரேற்றைக் காய்ச்சி அகற்ற முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. சோதித்துப் பார்க்கும்வரை வேறு தண்ணீர் எடுங்கள்.

வல்வெட்டித்துறை: சிக்னல் இல்லாத நேரத்தில் சூறாவளி எந்தப் பக்கத்தால் போகிறதென்று அறிய வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். தாழமுக்கத்தின் நடு உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். வங்காள விரிகுடாவிலிருந்து மேற்கே வரும் சூறாவளியில், வாடை (வடக்குக் காற்று) மெல்லக் கொண்டலாகி (கிழக்குக் காற்று), பிறகு சோளகப் (தெற்குக் காற்று) பக்கம் திரும்பினால் நடு உங்களுக்குத் தெற்கால் போகிறது. வாடை கச்சானாகி (மேற்குக் காற்று) திரும்பினால் வடக்கால் போகிறது. உங்கள் கரைக்கு முதலாவதுதான் கூடாதது. காற்று கடலைக் கரைமேல் தள்ளும், பாக்குநீரிணை ஆழமில்லாதபடியால் தள்ளிய தண்ணீர் உயர்ந்து நிற்கும். 1964 டிசெம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வட இலங்கையைக் கடந்து போனதுதான்.

நடு நேரே மேலால் போனால் காற்று திடீரென்று விழுந்து வானம் வெளிக்கும். கூரை பார்க்க ஏறாதீர்கள். அடுத்த அடி எதிர்ப்பக்கத்தால் வரும், முதல் அடியில் இளகிய மரமும் தகரமும் அதில்தான் போகும்.

நாவற்குழி: ஆறே இல்லாத குடாநாட்டில் ஏன் இவ்வளவு வெள்ளம்?

பதில்: மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் வழுக்கியாறு ஒன்றுதான் ஆறென்று சொல்ல இருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டுகிறது. முதல் மழைகளைக் கல் குடித்துவிடும். நிலத்தடி மட்டம் மேலே வந்தபின் விழும் மழைக்கு இறங்க இடமில்லை. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி மழையைக் கொட்டியபோது யாழ்ப்பாணம் அப்படித்தான் தாண்டது.

இதோடு நாங்கள் செய்ததும் உண்டு. குளத்தையும் கேணியையும் தூர்த்தோம், வெள்ளவாய்க்காலுக்குக் குறுக்கே மதில் கட்டினோம், முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம். தண்ணீர் வேறெங்கே போகும்? ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தெரு வெள்ளத்தைப் பாழ்கிணற்றுக்குள் திருப்பிவிடுவது. அயல் முழுவதும் குடிக்கிற தண்ணீருக்குள் அது போகும். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி அணையின் கதவுகளைப் பற்றி எப்போதும் சண்டைதான்: முந்தித் திறந்தால் நன்னீர் கடலுக்கு, பிந்தித் திறந்தால் வெள்ளம் வயலுக்கு. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது.

மணற்காடு: மணல் கும்பிகள் சுனாமியைத் தடுக்குமா?

பதில்: உயரமான, வெட்டுப்படாத கும்பி அலையின் வேகத்தை உடைக்கும். மணல் அள்ளிய இடைவெளியால் அலை ஒடுங்கி இன்னும் வேகமாகப் பாயும். கும்பிக்குக் கீழே தேங்கும் மழைநீர்தான் ஊர்க் கிணறுகளின் நன்னீர் என்பதையும் மணல் ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லுங்கள். 2004இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்தது. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாமல் உள்நாட்டுப் பக்கம் ஓடுங்கள். முதல் அலைதான் பெரியதென்று இல்லை, அறிவித்தல் வரும்வரை திரும்பக்கூடாது.

ரொறன்ரோ: டிசெம்பர் லீவில் நெடுந்தீவு பார்க்கலாமா?

பதில்: டிசெம்பரில் கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைப் படகு நின்றால் நீங்களும் தீவிலேயே நிற்பீர்கள். மாசி, பங்குனியில் வாருங்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் அந்த மாதங்களில்தான்.

அரியாலை: தகரக் கூரைக்கு மேல் மணல்மூட்டை அடுக்கலாமா?

பதில்: காற்று தகரத்தை அமத்துவதில்லை, விளிம்பில் பிடித்து மேலே உறிஞ்சுகிறது. தனி மூட்டை உருண்டு விழும். விளிம்பு வரிசைக்கு மேலதிக ஆணி அடித்து, தடித்த கயிற்றைக் கூரைக்குக் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் நிலத்தில் ஆழ அடித்த கட்டைகளில் கட்டுங்கள். வீட்டோடு நிற்கும் முருங்கைக் கொப்பையும் காய்ந்த தேங்காய்க் குலையையும் இப்போதே இறக்குங்கள். பனையை விடுங்கள், அது லேசில் விழாது. நிலைமை மோசமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.