சின்ன பாத்ரூமில் லிட்டர் பாக்ஸ்: முதலில் காய்ந்த மூலையைத் தேடுங்கள்

கேள்வி: சென்னையில் இரண்டு பெட்ரூம் வாடகை ஃபிளாட். நாலு வயது ஆண் பூனை, கருத்தடை செய்தாகிவிட்டது, ஐந்து கிலோ எடை, வெளியே விடுவதில்லை. லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் மணல் பெட்டி, இத்தனை நாளும் ஹாலில் சோஃபாவுக்குப் பின்னால் இருந்தது. மனைவி இப்போது கர்ப்பமாக இருக்கிறார், துணைக்கு அம்மா வந்திருக்கிறார். "அது ஹாலில் இருக்கவே கூடாது, பூனையையே யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார். காமன் பாத்ரூம் 7க்கு 5 அடி. யூட்டிலிட்டி 5க்கு 3 அடி, அதில் டாப் லோட் வாஷிங் மெஷின் நிற்கிறது. மூடி போட்ட சின்ன பாக்ஸ் ஒன்று வாங்கி எங்காவது செருகிவிடலாமா?

பதில்: பூனையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டும், அதனால் அதையே முதலில் பார்த்துவிடுவோம். கர்ப்பிணிகளும் பூனையும் என்றால் டாக்டர்கள் கவலைப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றி. அது பூனையின் மலத்தில் வரும்தான், ஆனால் எல்லாப் பூனையிடமிருந்தும் எப்போதும் வருவதில்லை. முதல் தடவை தொற்றிக்கொள்ளும்போது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை வெளியே வரும், அவ்வளவுதான். எலியும் பச்சை இறைச்சியும் தின்னாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் உங்கள் பூனைக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பே குறைவு. அப்படியே வந்தாலும், வெளியேறிய மலம் உடனே தொற்றாது, அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த வேலையைக் குழந்தை பிறக்கும் வரை நீங்கள்தான் செய்ய வேண்டும், மனைவி செய்யக் கூடாது. சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, காய்கறி, கையுறை இல்லாமல் தொட்டி மண்ணைக் கிளறுவது, இவற்றின் வழியாகத்தான் பலருக்கும் இது வருகிறது. மனைவியைப் பார்க்கும் டாக்டரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில் நீண்ட நாள் பிழைத்துக் கிடக்கும். நம் ஊர் பாத்ரூமைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே அங்கேதான் வந்து நிற்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் பாத்ரூம் மூலையில் அழகாக ஒரு பாக்ஸ் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அங்கே தரை காய்ந்திருக்கும், கண்ணாடித் தடுப்புக்குள்தான் குளிப்பார்கள். நாம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மக்கில் மொண்டு ஊற்றி, முழுத் தரையையும் நனைக்கிறோம். ஆக, உங்களுக்கு இடம் குறைவு என்பதைவிட ஈரம் அதிகம் என்பதுதான் பிரச்சினை. கடைகளில் கிடைக்கும் கட்டியாகும் மணல் பெரும்பாலும் பெண்டோனைட் களிமண், தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும். சிறுநீரைக் கட்டியாக்குவதற்காகத்தான் அதை வாங்குகிறோம், குளிக்கிற தண்ணீர் பட்டாலும் அதையேதான் செய்யும். ஒரு மக் தண்ணீர் தெறித்தால் பாக்ஸில் இருப்பது சேறுதான், அந்தச் சேற்றில் கால் வைக்கப் பூனை சம்மதிக்காது.

இப்போது பாக்ஸ். மூடி போட்ட சின்ன பாக்ஸ் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உங்கள் பூனையை அளந்து பாருங்கள், ஐந்து கிலோ பூனை என்றால் 45 செ.மீ. பக்கம் வரும். அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் பாக்ஸுக்கு வேண்டும், அதாவது 65 முதல் 70 செ.மீ. கடையில் "பெரிய சைஸ்" என்று தருவதில் பல 50 செ.மீ.யைத் தாண்டாது. பூனை உள்ளே போய், மோந்து பார்த்து, தோண்டி, திரும்பி, உட்கார்ந்து, மூடிவிட்டு வரும். திரும்ப இடமில்லை என்றால் விளிம்பிலேயே போகும், பாதி வெளியே விழும், அப்புறம் ஒருநாள் மெத்தையில் போகும். பூனைக்குக் கொழுப்பு என்று அதைத் திட்டுவார்கள், பாவம், அதன் மேல் தவறே இல்லை. மூடி வைத்தால் நாற்றம் நமக்குக் குறைகிற மாதிரி தெரியும், ஆனால் அத்தனையும் உள்ளே தங்கும், நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கோடு அது உள்ளே போக வேண்டும். கண்ணில் படாததால் நாமும் அள்ள மறந்துவிடுவோம்.

பிளாஸ்டிக் கடையில் துணியும் பொம்மையும் போட்டு வைக்கிற பெரிய டப்பா கிடைக்கும். 65க்கு 45 செ.மீ. அளவில், 35 முதல் 40 செ.மீ. உயரச் சுவர் உள்ளதாக ஒன்றை வாங்குங்கள், மூடியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். அகலமான ஒரு பக்கத்தில் கீழிருந்து 12 செ.மீ. விட்டுவிட்டு, U வடிவில் வாசல் வெட்டுங்கள். சூடாக்கிய கத்தியால் வெட்டலாம், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை மனைவிக்கும் ஆகாது. விளிம்பை உப்புக்காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். உயரமான சுவர் இரண்டு வேலை செய்யும்: பூனை வாரி இறைக்கும் மணலை உள்ளேயே நிறுத்தும், வெளியிலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கும். வயதான பூனை என்றால் வாசல் இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும், உங்களுடையதற்கு இது போதும்.

எங்கே வைப்பது? உங்கள் பாத்ரூமின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் 7க்கு 5 அடியில் நம் பில்டர்கள் பெரும்பாலும் கதவு ஓரம் வாஷ்பேசின், நடுவில் கமோடு, ஜன்னல் பக்கம் குளிக்கிற இடம் என்றுதான் அமைப்பார்கள். அப்படியானால் வாஷ்பேசினுக்குக் கீழே உள்ள இடம்தான் உங்கள் காய்ந்த மூலை. தூண் வைத்த பேசின் என்றால் டப்பா உள்ளே போகாது, அப்போது கதவுக்கும் கமோடுக்கும் நடுவில் உள்ள சுவரோரத்தைப் பாருங்கள். ஊகிக்க வேண்டாம், வீட்டில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு போய்ப் பாருங்கள், டைல்ஸ் எங்கே நனையவில்லையோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். பேசினின் கழிவுநீர்க் குழாயையும் தடவிப் பாருங்கள், சொட்டினால் முதலில் பிளம்பர், அப்புறம்தான் பாக்ஸ்.

பாக்ஸைத் தரையில் நேராக வைக்காதீர்கள். நான்கு செங்கல்லின் மேல் ஒரு கடப்பா கல் போடுங்கள், மார்பிள் கடையில் சொன்னால் அளவுக்கு வெட்டித் தருவார்கள். ட்ரில் போட வேண்டாம், வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டாம், காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம். கல் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆடினால் பூனை ஏறாது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் உப்பிவிடும். பாத்ரூம் தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாக இருப்பதால், ஒரு பக்கச் செங்கல்லின் கீழே சின்ன ஓட்டுத்துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள், இல்லையென்றால் மணல் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கும். குளிக்கும் இடத்துக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ஸ்பிரிங் ராடு மாட்டி ஒரு திரை தொங்கவிடுங்கள், அதற்கும் ஆணி தேவையில்லை.

பூனை கல்லிலிருந்து இறங்கும் இடத்தில் நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக இருக்கும் ரப்பர் மேட் போட வேண்டும். கால் இடுக்கில் ஒட்டி வரும் மணல் அதில் உதிர்ந்துவிடும். உங்கள் வீட்டில் இது கட்டாயம், ஏனென்றால் நனைந்த களிமண் டைல்ஸில் வழுக்கும், அந்தப் பாத்ரூமை ஒரு கர்ப்பிணியும் வயதான அம்மாவும் பயன்படுத்தப்போகிறார்கள். மேட்டைத் தினமும் பாத்ரூமுக்கு வெளியே உதறுங்கள். மேட்டையும் சரி, டப்பாவையும் சரி, மணலோடு பாத்ரூமில் கழுவாதீர்கள், அந்த மணல் நேராக நஹானி டிராப்பில் (தரைத் தண்ணீர் வடியும் ஓட்டையில்) போய் உப்பி அடைத்துக்கொள்ளும். அள்ளியதைக் கமோடில் கொட்டவும் கூடாது. நியூஸ்பேப்பரில் இறுக்கமாகச் சுற்றி, குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர் கை படாதபடி தனிப் பொட்டலமாகக் கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லியும் விடுங்கள். ஆற்று மணலும் எம்.சாண்டும் மலிவு என்று பலர் போடுகிறார்கள். அது கட்டியாகாது, சிறுநீர் அடியில் போய்த் தங்கும், மூடிய பாத்ரூமில் இரண்டே நாளில் கண் எரியும்.

அடுத்தது கதவு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாத்ரூமில் பாக்ஸ் வைத்துத் தோற்றுப்போன வீடுகளில் பாதிக்கு மேல் கதவால்தான் தோற்றிருக்கும் என்பது என் எண்ணம். பாத்ரூம் கதவை எப்போதும் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம், அம்மாவுக்குக் கை தானாகவே போகும். கதவு 15 செ.மீ. திறந்தே நிற்கும்படி ஸ்டாப்பரோ, கொக்கியும் கயிறுமோ மாட்டுங்கள். ஒருவர் குளிக்கும் அரை மணி நேரம் பரவாயில்லை, இரவு முழுக்கச் சாத்தினால் பூனை வேறு இடம் பார்க்கும். கதவு திறந்தே இருப்பதால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தால் மூடி வையுங்கள், பின்னால் குட்டிப் பூனை ஏதும் வந்தாலும் குழந்தை தவழ ஆரம்பித்தாலும் இந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றும்.

பாத்ரூமைக் கழுவ என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஃபினாயில் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். கறுப்பு, வெள்ளை இரண்டுமே பூனைக்கு நஞ்சு. ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் என்சைம் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கும்போது அது அப்படியே உள்ளே போகிறது. வாஷ்பேசின் ஓட்டையிலும் நஹானி டிராப்பிலும் போடும் அந்துருண்டையும் பூனைக்கு ஆகாது. பூனை சிறுநீர் உள்ள இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும், மனைவி இருக்கும் வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள். டப்பாவைக் கழுவச் சுடுதண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும், மாதம் ஒரு தடவை. கமோடைக் கழுவும் ஆசிட் ஊற்றியே ஆக வேண்டும் என்றால், அந்த நேரம் பூனையைப் பாத்ரூமுக்கு வெளியே வைத்து, நன்றாகத் தண்ணீர் ஊற்றி, தரை காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

நாற்றத்துக்கு மருந்து வாசனை இல்லை, கரண்டிதான். காலையும் மாலையும் அள்ளுங்கள், மணலை 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பியே வைத்திருங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். வாசனை மணல், ஊதுபத்தி, எசென்ஷியல் ஆயில் எதுவும் வேண்டாம், பூனை அந்த இடத்தையே வெறுத்துவிடும், சில எண்ணெய்கள் அதன் உடம்புக்கும் கெடுதி.

யூட்டிலிட்டி பற்றி. முதல் பாக்ஸை அங்கே வைக்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் பூனை உட்கார்ந்திருக்கும்போது மெஷின் ஸ்பின்னுக்குப் போய் ஒரு தடவை மிரண்டாலும் மறுபடி அந்தப் பக்கம் வராமல் போகலாம். ஆனால் ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ் இருப்பது நல்லது, விருந்தாளி யாராவது பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டுப் போகும் நாளில் அது கைகொடுக்கும். மெஷின் போக ஏறத்தாழ 3க்கு 3 அடி மிஞ்சும், ஒரு டப்பாவுக்கு அது தாராளம். மெஷினிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், கிரில்லுக்கு வலை அடித்த பிறகே வையுங்கள், சாரல் அடிக்கும் பக்கத்தைத் தவிருங்கள். மெஷின் மூடியை எப்போதும் மூடியே வைத்து, ஆன் செய்யும் முன் டிரம்முக்குள் கையை விட்டுப் பாருங்கள். துணிக்குள் போய்ச் சுருண்டு தூங்கும் பூனை வெளியே தெரியாது.

ஹாலில் இருப்பதை ஒரே நாளில் தூக்கிவிடாதீர்கள். புது பாக்ஸில் பழைய பாக்ஸிலிருந்து ஒரு கைப்பிடி மணல் போட்டு பாத்ரூமில் வையுங்கள், ஹாலில் உள்ளதை தினம் ஒன்றிரண்டு அடி அந்தப் பக்கம் நகர்த்துங்கள். பாத்ரூமில் உள்ளதைப் பூனை தொடர்ந்து ஒரு வாரமாவது பயன்படுத்திய பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று வாரம் கேளுங்கள் அம்மாவிடம்.

இந்த மூன்று வாரமும் மணலில் உருவாகும் சிறுநீர்க் கட்டிகளைக் கவனியுங்கள். அடிக்கடி பாக்ஸுக்குப் போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றும் வராமல், கத்தினாலோ பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாலோ, புது இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவு என்றாலும் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.