வைகை அணையைச் சைக்கிளில் சுற்றி வரலாமா?
வாசகர் கேள்வி பதில்

வைகை அணையைக் கரையோரமாகவே சைக்கிளில் ஒரு சுற்று வர ஆசை. எத்தனை கிலோமீட்டர் வரும்? ஒரே நாளில் முடியுமா?
வாசகர், உசிலம்பட்டி

கரையோரமாக முழுச் சுற்று வர வழி கிடையாது. அணையின் மேல் நினைத்தபடி ஏறவும் முடியாது. நீர்த்தேக்கத்தின் ஓரமோ மாதத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். நிரம்பினால் தேனி சாலையிலுள்ள குன்னூர் பாலத்துப் பக்கம் வரை தண்ணீர் எட்டும். வற்றினால் அதே இடம் வெடித்த வண்டல். அந்த வண்டலை நம்பாதீர்கள். மேலே நாலு விரல்கடை காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் களி அப்படியே இருக்கும். சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டால் ஒருவராக வண்டியை வெளியே எடுப்பது கடினம்.

சாலை வழியாகப் பெரிய சுற்று வரலாம்: ஆண்டிபட்டி, வைகை அணை, ஜெயமங்கலம், பெரியகுளம், தேனி, குன்னூர், மீண்டும் ஆண்டிபட்டி. 50 முதல் 60 கிலோமீட்டருக்குள் அடங்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் நாலு மணி நேரம், இளைப்பாறுவதற்கு ஒன்றரை மணி. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதைக் காற்று சொல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பள்ளத்தாக்கில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் மேலே சொன்ன வரிசையிலேயே போனால் கடைசியில் தேனியிலிருந்து ஆண்டிபட்டி வரை காற்று முதுகைத் தள்ளும். மற்ற மாதங்களில் எதிர்த்திசையே நல்லது. லாரியும் பஸ்ஸும் கூடுமுன் நெடுஞ்சாலைப் பகுதியை முடித்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்தே மிதித்து வந்து, இந்தச் சுற்றையும் அன்றே முடிக்க நினைப்பது புதியவர்களுக்கு வேண்டாம். ஆண்டிபட்டி மட்டுமே சுமார் 60 கிலோமீட்டர், நடுவில் கணவாய் ஏற்றம் வேறு.

செய்தியில் ‘முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை’ என்று வந்தால் அணைப் பக்கம் போகலாமா?
வாசகி, சோழவந்தான்

அணையில் நீரைத் தேக்கும் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது வந்தபின் உபரி நீர் எந்நேரமும் ஆற்றில் திறக்கப்படலாம். அணையின் கீழே இரு கரைப் பூங்காக்களையும் இணைக்கும் தரைப்பாலம் அப்போது மூழ்கும், வழியை அடைத்துவிடுவார்கள். முதல் எச்சரிக்கையின்போது பூங்காவுக்குப் போகலாம், ஆற்றுக்குள் மட்டும் இறங்கக் கூடாது. கிளம்பும் அன்று காலை நீர்மட்டம் பார்க்கும் பழக்கம், சைக்கிளுக்குக் காற்றுப் பார்ப்பதைப் போல அவசியம்.

ஊர்க் கண்மாய்களுக்கும் இது பொருந்தும். கலுங்கு (உபரி நீர் வழியும் கல் கட்டு) பாயும்போது அதைத் தாண்டிப் போகாதீர்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று தோன்றும். பாசி பிடித்த கல்லில் நின்றால் அதுவே ஆளைச் சாய்க்கப் போதும். மடை திறந்திருக்கும் இடத்தில் மேலே சலனம் தெரியாது, உள்ளே இழுப்பு இருக்கும்.

கண்மாய்க் கரையில் வாரம் இரண்டு முறை பஞ்சர். ஒட்டிய மறுநாளே காற்று இறங்குகிறது. ட்யூபை மாற்றியும் தீரவில்லை. என்ன செய்வது?
வாசகர், மேலூர்

மாற்ற வேண்டியது ட்யூபை அல்ல. பழைய முள் இன்னும் டயருக்குள் இருக்கிறது. சீமைக் கருவேல முள் டயரில் ஏறியதும் அடியில் ஒடிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, நுனி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு, போடுகிற ஒவ்வொரு ட்யூபையும் குத்தும்.

முதலில் ஓட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். சாலைப் பக்கம் ஊசிமுனை போல ஒரே ஓட்டை என்றால் முள். அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவு. கல்லில் ஏறியபோது ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் முனை. ரிம்மின் உள்ளே சுற்றிய ரப்பர் பட்டை விலகியிருக்கும்.

முள்தான் என்றால், ட்யூபைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். காற்றடித்துத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, ட்யூபை டயரின் மேல் வால்வுக்கு வால்வு சேர்த்து வைத்தால் முள் எங்கே என்று தெரிந்துவிடும். பிறகு பழைய பருத்தித் துணியால் டயரின் உட்புறம் முழுவதும் துடையுங்கள். துணி சிக்கும் இடமெல்லாம் முள். வெறும் விரலால் தடவாதீர்கள். உள்ளிருந்து சிறு குறடால் பிடித்து இழுத்து எடுங்கள்.

ஒட்டு நிற்காததற்கு அவசரம்தான் முக்கியக் காரணம். ஓட்டையைச் சுற்றி ஓர் அங்குலம், பளபளப்பு போகும் வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் சூட்டில் ஒட்டு நழுவிவிடும். ட்யூபில் கொஞ்சம் காற்று வைத்து மாட்டுங்கள். டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடித்தால் கையாலேயே ஏறும். ஸ்குரூ டிரைவரால் நெம்புபவர்கள் புது ஓட்டை போடுகிறார்கள்.

70 கிலோ எடையுள்ளவர் கரையில் ஓட்ட, 2 அங்குல அகல டயருக்குக் காற்றழுத்தம் 35 முதல் 40 பி.எஸ்.ஐ., 35 மில்லிமீட்டர் டயருக்கு 55 முதல் 60 போதும். டயரின் ஓரத்தில் அச்சிட்ட எல்லையை மீறாதீர்கள். கார் வால்வு உள்ள ட்யூபில், சிறு ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் 100 மில்லி ஊற்றலாம். சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி டயருக்குள் விரிப்பதும் நல்ல வழிதான். அதன் இரு முனைகளையும் சீவி மெலிதாக்காவிட்டால் அந்த விளிம்பே நல்ல ட்யூபை உரசிக் கிழிக்கும்.

பாதி வழியில் முள் ஏறி, காற்று இறங்காமல் இருந்தால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து எடுங்கள். கருவேலம் வெட்டிய கரையிலும், ஆட்டுக்குக் கொப்பு ஒடித்துப் போட்ட இடத்திலும் இறங்கித் தூக்கிக்கொண்டு நடப்பதே மிச்சம்.

அணைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாமா? சைக்கிளை அங்கேயே கழுவலாமா?
வாசகர், திருமங்கலம்

இரண்டும் வேண்டாம். இதே நீர்த்தான் பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையம் வழியாக மதுரைக் குழாய்களுக்கு வருகிறது. செயின் எண்ணெயும் சோப்பு நுரையும் நம் வீட்டுக் குடத்துக்கே திரும்பும். சோப்புத் தூளில் இருக்கும் பாஸ்பேட் பாசிக்கு உரம். தண்ணீர் பச்சையாகப் பாசி கட்டியிருந்தால் காய்ச்சியும் குடிக்கக் கூடாது. பாசியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. வேறு வழியே இல்லாதபோது தெளிந்த நீரை வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று கணக்கிட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒதுங்க நேர்ந்தால் தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய், அரை அடிக் குழி தோண்டி மூடுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது, முட்டிவலி. நடக்க வண்டியூர் கண்மாய் நல்லதா, தெப்பக்குளமா?
வாசகி, கே.கே. நகர்

முட்டிவலி குறையும் வரை தெப்பக்குளம். குளம் சுமார் 1000 அடிக்கு 950 அடி; நாலு சுற்று வந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். முதல் வாரம் ஒரே ஒரு சுற்று போதும். கண்மாய்க் கரையில் நடக்கும்போது தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், போன வழியிலேயே திரும்பி வரச் சொல்லுங்கள். ஒரே திசையில் சுற்றினால் பாரமெல்லாம் ஒரு காலிலேயே விழும். அந்திக்குப் பிறகு கரை என்றால் டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம். கண்ணாடி விரியன் நடமாடும் நேரம் அது.